சென்னையிலிருந்து கோலாலம்பூர், பினாங்குக்குப் புத்தகப் பெட்டி: கட்டுப்படியாகும் வழிகள்

பிரிக்பீல்ட்ஸ் வாசகர்

ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சி முடிந்ததும், வாங்கிய நூல்களை மலேசியாவுக்கு எப்படி மலிவாகக் கொண்டுவருவது என்ற கேள்வி கிளம்பிவிடும். அங்கே பத்து சதவீதக் கழிவில் வாங்கியதைக் கூரியர்காரர் பல மடங்காகத் திரும்ப வாங்கிவிடுகிறார். காரணம் எடை. 70 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 70 கிராம்) தாளில், டெமி என்ற வழக்கமான நாவல் அளவில் அச்சான 300 பக்க நூல் சுமார் 340 கிராம் இருக்கும். 40×30×25 செ.மீ. பெட்டியில் அப்படி ஒரு 45 நூல் அடங்கும். மொத்தம் 15 கிலோவுக்கு மேல்.

கூரியரில் நீளம், அகலம், உயரத்தைப் பெருக்கி 5000-ஆல் வகுத்துக் கன எடை பார்ப்பார்கள். இந்தப் பெட்டிக்கு அது 6 கிலோதான். ஆனால் கன எடை, நிஜ எடை இரண்டில் எது கூடுதலோ அதற்குத்தான் பில். புத்தகத்துக்கு எப்போதும் நிஜ எடைதான் ஜெயிக்கும். போதாக்குறைக்கு, நூலுக்கு இந்தியாவில் ஜிஎஸ்டி கிடையாது, கூரியர் கட்டணத்துக்கு 18 சதவீதம் உண்டு. இரண்டு மூன்று நூல் அவசரமாக வேண்டுமென்றால் கூரியர் சரி. பெட்டிக் கணக்கென்றால் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

கிள்ளான் ஃபார்வர்டிங்

ஐயா சொன்ன கணக்கு கப்பலில் தலைகீழாகிவிடும். எல்சிஎல் சரக்கில், அதாவது பலருடைய சரக்கு ஒரே கன்டெய்னரில் சேர்ந்து போகும் முறையில், எத்தனை கன மீட்டர், எத்தனை டன் என்று பார்த்து எந்த எண் அதிகமோ அதற்குக் கட்டணம். மேலே சொன்ன பெட்டி 33 சேர்ந்தால் ஏறக்குறைய ஒரு கன மீட்டர், எடை அரை டன். அதாவது கட்டணம் இடத்துக்கு மட்டும்தான், எடை கணக்கிலேயே வராது. கனமான சரக்குக்கு இதைவிட நல்ல இடம் இல்லை.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. பெரும்பாலும் குறைந்தபட்சக் கட்டணமே ஒரு கன மீட்டருக்கு. எட்டுப் பெட்டி அனுப்பினாலும் முப்பத்து மூன்றுக்கான காசுதான். நாலைந்து வீட்டார், ஒரு தமிழ்ப்பள்ளி நூலகம், ஒரு வாசகர் வட்டம் என்று ஒரே பெயரில் சேர்த்து அனுப்பினால்தான் கட்டுப்படியாகும்.

அடுத்தது கப்பல் கட்டணம் என்று சொல்லப்படும் தொகை. அது சிரிக்கும்படி குறைவாக இருக்கும், நம்பிவிடாதீர்கள். துறைமுக டெர்மினலில் கையாளும் கட்டணம், சரக்கை விடுவிக்கும் டெலிவரி ஆர்டருக்கான கட்டணம், கிடங்கில் பிரித்தெடுக்கும் கூலி, ஏஜெண்ட் கூலி, லோரி வாடகை எல்லாம் இங்கே தனித்தனியாக வரும். கூட்டினால் கப்பல் கட்டணத்தைத் தாண்டிவிடும். ஆகவே ‘வீட்டு வாசல் வரை எல்லாம் சேர்த்து எவ்வளவு’ என்று எழுத்தில் வாங்குங்கள். கிடங்கில் இலவச நாள் எத்தனை என்பதையும் கேளுங்கள். அது முடிந்தால் நாள் வாடகை ஓட ஆரம்பித்துவிடும்.

தேவையான தாள்கள்: இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், பில் ஆஃப் லேடிங் (கப்பலில் சரக்கு ஏற்றியதற்கான ரசீது). இவற்றை வைத்து ஏஜெண்ட் கே-1 என்ற சுங்க இறக்குமதிப் பாரம் போடுவார். அச்சிட்ட நூலுக்கு எச்எஸ் குறியீடு, அதாவது சுங்கம் பொருளை வகைப்படுத்தும் எண், 4901, இறக்குமதித் தீர்வை இல்லை. தீர்வை இல்லையென்று விலையைச் சுழி என்று எழுதாதீர்கள். வாங்கிய விலையையே போடுங்கள். நூல் பட்டியலை ரோமன் எழுத்தில், பக்கத்தில் நாவல், கவிதை, பள்ளிப் பாடம் என்று மலாயிலோ ஆங்கிலத்திலோ ஒரு சொல் சேர்த்துக் கொடுங்கள். 1984-ஆம் ஆண்டின் அச்சக, வெளியீட்டுச் சட்டப்படி உள்துறை அமைச்சு நூல்களைத் தடை செய்யலாம். அட்டையைப் படிக்க முடியாத அதிகாரி பெட்டியை ஓரமாக வைத்துவிட்டால் அவர்மேல் குறை சொல்ல முடியாது.

மரப் பலகைமேல் அடுக்கி அனுப்பினால் அதில் ஐஎஸ்பிஎம் 15 முத்திரை (மரத்தில் பூச்சி இல்லாதபடி பதப்படுத்தியதற்கான அடையாளம்) இருக்க வேண்டும். பலகையின் கன அளவுக்கும் காசு உண்டு என்பதை ஞாபகம் வையுங்கள்.

செந்தூல் வாசகி

அண்ணே, நாட்காட்டியை விட்டுவிட்டீர்களே! நம் ஆட்கள் பெட்டியில் இடம் இருந்தால் தினசரி காலண்டர் நாலு, டைரி ரெண்டு செருகுவார்கள். காலண்டர் 4910, டைரியும் நோட்டுப் புத்தகமும் 4820, பிள்ளைகளின் வண்ணம் தீட்டும் நூல் 4903. புத்தகம் என்று மட்டும் எழுதிவிட்டு உள்ளே இவை இருந்தால் மொத்தப் பெட்டியும் நிற்கும். தனியாக எழுதுங்கள், இல்லையென்றால் வைக்காதீர்கள்.

பட்டர்வொர்த்காரர்

பினாங்குக்கு என்றால் பில் ஆஃப் லேடிங்கில் இறக்கும் துறைமுகம் எது என்று பாருங்கள். கிள்ளானில் இறக்கிவிட்டு வடக்கே லோரியில் ஏற்றினால் அந்த வாடகை உங்கள் தலையில்.

கன மீட்டர் அளவுக்குச் சரக்கு இல்லாதவர்களுக்கு இந்திய அஞ்சல் இருக்கிறது. 5 கிலோ வரை புத்தகப் பொட்டலமாகவே போகும். அதற்கு மேல், ஒரே முகவரிக்கு 30 கிலோ வரை அச்சுப் பொருள் மட்டும் போட்டு அனுப்பும் மொத்தப் பை உண்டு, மற்ற நாடுகளில் எம்-பேக் என்பார்கள். சின்ன அஞ்சலகத்தில் கேட்டால் விழிப்பார்கள், இப்போதும் எடுக்கிறார்களா என்று தலைமை அஞ்சலகத்தில் விசாரியுங்கள். பைக்குள் போகும் ஒவ்வொரு கட்டிலும் முழு முகவரி ஒட்டுங்கள். பை கிழிந்தால் கட்டு வந்து சேர அதுதான் வழி. உள்ளே கடிதம் வைக்கக் கூடாது, முறுக்குப் பொட்டலமும்தான். 

பிரிக்பீல்ட்ஸ் வாசகர்

கட்டும் முறை பற்றி ஒன்று. ஐந்தடுக்கு அட்டைப் பெட்டி, ஒன்றுக்கு 15 முதல் 18 கிலோ. அதற்கு மேல் போனால் தூக்குகிறவர் இறக்கி வைக்க மாட்டார், போட்டுவிடுவார். நூல்களைப் படுக்கையாக, முதுகு ஒருமுறை இடம் ஒருமுறை வலம் என மாற்றி அடுக்குங்கள். ஒரே பக்கம் முதுகு வந்தால் அடுக்கு சாய்ந்து ஓரம் மடங்கும். ஒவ்வோர் அடுக்கையும் பிளாஸ்டிக் தாளில் சுற்றுங்கள். கன்டெய்னருக்குள் வெப்பம் ஏறி இறங்கும்போது கூரையில் நீர் கோத்துச் சொட்டும், அட்டைப் பெட்டி அதைத் தாங்காது. செய்தித்தாளால் சுற்றாதீர்கள், மை வெள்ளை அட்டையில் ஏறிவிடும். மூலைகளில் வெற்றுத்தாளைக் கசக்கித் திணித்து, பெட்டியை ஆட்டினால் அசையாதபடி மூடுங்கள்.

செந்தூல் வாசகி

யாராவது சென்னைக்கோ திருச்சிக்கோ போய் வருகிறார்கள் என்றால் அவர் பெட்டிதான் எல்லாவற்றிலும் மலிவு. கூடுதல் எடையை டிக்கெட்டோடு இணையத்திலேயே வாங்கிவிட வேண்டும், கவுண்டரில் வாங்கினால் விலை எகிறும். மொத்த எடை எவ்வளவு வாங்கியிருந்தாலும் ஒரு பெட்டி 32 கிலோவைத் தாண்டக் கூடாது, எனவே இரண்டாகப் பிரித்துக் கட்டுங்கள். புத்தகக் கட்டு ஸ்கேனரில் ஒரே கறுப்பாகத் தெரியும், திறக்கச் சொல்வார்கள். பெட்டி முழுக்க டேப் சுற்றாமல், பிரித்து மறுபடி ஒட்ட ஒரு சின்ன டேப் சுருளைக் கைப்பையில் வையுங்கள்.