மழை பெய்தால் மக்கர் செய்யும் ஆன்டெனா: யாராவது வழி சொல்லுங்கள்

வணக்கம். எனக்குத் திருத்துறைப்பூண்டி பக்கம் ஒரு கிராமம். 2018 கஜா புயலில் போனும் கரண்டும் இல்லாமல் கிடந்தபோது வந்த ஹாம் ரேடியோ (பொழுதுபோக்காக வானொலியில் பேசிக்கொள்வது) ஆசை, இப்போதுதான் உரிமமும் பழைய எச்எஃப் (சிற்றலை) செட்டுமாகக் கைகூடியிருக்கிறது.

40 மீட்டர் பேண்டுக்கு (7 மெகாஹெர்ட்ஸ் பக்கம்) டைபோல், அதாவது நடுவில் பிரிந்து இரு பக்கமும் நீளும் கம்பி ஆன்டெனா, கட்டினேன். நீளக் கணக்குக்கு 143ஐ 7.1 மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் மொத்தம் சுமார் 20 மீட்டர். பக்கத்துக்கு 10 மீட்டர் செம்புக் கம்பி, நடுவில் 1:1 பேலன் (கம்பியையும் கேபிளையும் பொருத்தும் சாதனம்), அங்கிருந்து வீட்டுக்கு ஆர்ஜி-58 கேபிள். கொல்லையில் புயலுக்குத் தப்பிய இரண்டு தென்னைகளுக்கு நடுவே தொங்குகிறது. மரம் ஏறிக் கட்டிக் கொடுத்தவர், "துணி காயப்போடவா தம்பி இம்புட்டு உயரத்துல?" என்றார்.

வெயிலில் எஸ்டபிள்யூஆர் (ஆன்டெனாவில் இருந்து சக்தி எவ்வளவு திரும்பி வருகிறது என்பதைக் காட்டும் அளவு, 1க்கு நெருங்கினால் நல்லது) 1.4. மழை பெய்தால் 3ஐத் தாண்டுகிறது, இறங்க இரண்டு நாள் ஆகிறது. கம்பி நனைந்ததற்கு மட்டும் இவ்வளவு ஏறாது. பேலனுக்குக் கீழே இணைப்பு வழியாகக் கேபிளுக்குள் தண்ணீர் இறங்குகிறது என்று சந்தேகம். அங்கே சாதா இன்சுலேஷன் டேப்தான் சுற்றினேன், சோம்பேறித்தனம்! முனையில் ஓர் அடி வெட்டிவிட்டு மறுபடி கனெக்டர் போட்டால் போதுமா, கேபிளையே மாற்ற வேண்டுமா?

அப்புறம், காற்றில் மரம் ஆடி ஒருமுறை கம்பி அறுந்துவிட்டது. ஒரு முனையில் கப்பி போட்டு எடை தொங்கவிட்டவர்கள் எத்தனை கிலோ வைத்தீர்கள்?

ஐப்பசி அடைமழைக்குள் முடித்தாக வேண்டும். இடி இடித்தால் கேபிளைக் கழற்றிவிடுகிறேன், அதில் மட்டும் சோம்பல் இல்லை. மன்னார்குடி, திருவாரூர் பக்கம் ஆன்டெனா அனலைசர் (ஆன்டெனாவைச் சோதிக்கும் கருவி) வைத்திருப்பவர்கள் ஒரு நாள் வந்து பார்த்தால் பெரிய உதவி. இளநீர் என் பொறுப்பு.