காரின் துணை ஹீட்டர் டைமர் மறுநாள் இயங்காதது ஏன்?

கேள்வி:
என் டீசல் காரில், எஞ்சின் ஓடாதபோதே உள்ளறையைச் சூடாக்கும் துணை ஹீட்டர் உள்ளது. காலை 7 மணி என்று டைமரில் பதிந்தேன். முதல் நாள் இயங்கியது, மறுநாள் இயங்கவில்லை. இது பழுதா, டைமரின் இயல்பே இதுதானா?

பதில் 1:
பெரும்பாலும் பழுதன்று. பல கார்களில் பதிந்த நேரம் ஒருமுறைக்கு மட்டுமே செல்லும் என்பதால், ஒவ்வொரு இரவும் இறங்கும் முன் அதை மீண்டும் செயல்படுத்த வேண்டும். அது புறப்படும் நேரமா, ஹீட்டர் தொடங்கும் நேரமா என்பதையும் கையேட்டில் பாருங்கள். டீசல் ரிசர்வ் அளவுக்குக் குறைந்தாலும், பேட்டரி தளர்ந்தாலும் ஹீட்டர் இயங்க மறுக்கும்.

பதில் 2:
பேட்டரியைத்தான் நான் முதலில் சந்தேகிப்பேன். ஹீட்டர் டீசலை எரித்துக் கூலன்டை (எஞ்சினைச் சுற்றி ஓடும் திரவத்தை) சூடாக்கினாலும், அதைச் சுற்றவைக்கும் பம்பும் காற்றை உள்ளே தள்ளும் விசிறியும் பேட்டரியிலிருந்தே மின்சாரம் எடுக்கின்றன. ஆகவே ஹீட்டர் 30 நிமிடம் ஓடினால், குறைந்தது அவ்வளவு நேரமாவது வண்டியை ஓட்டுங்கள். குறுந்தொலைவு மட்டுமே ஓட்டுவோருக்குத் தனி சார்ஜர் அவசியம் என்பது என் கருத்து. கோடையிலும் மாதம் ஒருமுறை ஹீட்டரை 10 நிமிடம் இயக்கி வைப்பது நல்லது.

பதில் 3:
ஒன்றை வலியுறுத்த விரும்புகிறேன். ஹீட்டரின் புகையில் நிறமும் மணமும் அற்ற நச்சு வாயுவான கார்பன் மோனாக்சைடு இருப்பதால், மூடிய கராஜில் வண்டியை நிறுத்தும் இரவில் டைமரைக் கட்டாயம் அணைத்துவிடுங்கள். எரிபொருள் நிரப்பும்போதும் ஹீட்டர் ஓடக் கூடாது.