மறு: 'இணைப்புப் பகிர்வு' சரி, 'முகவரி மாற்றம்' சரியா?

வணக்கம். மொழியாக்கக் கோப்புக்காக நீங்கள் முன்வைத்த வலையமைப்புச் சொற்களைப் பற்றி என் கருத்து இது.

> 'இணைய இணைப்புப் பகிர்வு' நீளம். 'கூட்டிணைப்பு' என்று வைத்தால் என்ன?

நீளம்தான். ஆனால் கூட்டிணைப்பு என்றால் இரண்டு மூன்று இணைப்புகளைச் சேர்த்து ஒன்றாக்குவது. பாண்டிங் என்று அதுவே தனி நுட்பம், அதற்கு வைத்துக்கொள்ளலாம். வீட்டுக்கு வருகிற ஒரே இணைப்பை நாலு கணினிக்குக் கொடுப்பதற்கு 'இணைப்புப் பகிர்வு' போதும். விண்டோஸ் 98 இரண்டாம் பதிப்பில் இதற்கு ஆங்கிலத்தில் மூன்று சொல், நமக்கு இரண்டு.

> நேட் என்பதற்கு 'முகவரி மாற்றம்'

நேட் (Network Address Translation) என்பது உள்ளே இருக்கும் கணினிகளின் முகவரிக்குப் பதில் ரவுட்டர் தன் முகவரியைப் போட்டு அனுப்பும் முறை. இதில்தான் எனக்கு உடன்பாடில்லை. ரேஷன் கார்டில் செய்வது முகவரி மாற்றம், மாற்றினால் மாற்றியதுதான். ரவுட்டர் செய்வது அப்படியா? 192.168.1.5 என்ற மடிக்கணினி ஒரு பக்கத்தைக் கேட்கிறது. ரவுட்டர் அந்த முகவரியை எடுத்துவிட்டுத் தன் வெளிமுகவரியைப் போட்டு அனுப்புகிறது. எந்தப் போர்ட் எண் (ஒரே முகவரியில் வெவ்வேறு இணைப்புகளைப் பிரித்தறியும் எண்) யாருக்கு என்று அட்டவணையில் குறித்தும் வைக்கிறது. பதில் வந்ததும் அட்டவணையைப் பார்த்து, பழைய முகவரியைத் திரும்பப் போட்டு உள்ளே விடுகிறது. பக்கத்து அறைக் கணினி அதே நேரத்தில் அதே தளத்தைக் கேட்டாலும் போர்ட் எண் வேறு என்பதால் குழப்பம் வராது.

இன்னொரு சிக்கல். அமைப்புத் திரையில் 'ஐபி முகவரியை மாற்று' என்று ஏற்கெனவே ஒரு பொத்தான் இருக்கும். அதன் கீழேயே 'முகவரி மாற்றம்' என்று ஒரு கட்டம் இருந்தால் எதை அழுத்துவது?

என் பரிந்துரை 'முகவரிப் பெயர்ப்பு'. மொழிபெயர்ப்பால் காதுக்குப் பழகியது. பெயர்ப்பி, பெயர்ப்பு அட்டவணை, பெயர்த்த முகவரி என்று கிளைக்கவும் செய்கிறது.

லினக்ஸில் வலைப் போக்குவரத்துக்கு விதி வைக்கும் ஐபிடேபிள்ஸ் கருவியில், நேட்டின் ஒரு வகையாக வரும் மாஸ்கரேடுக்கு 'வேடமிடல்'. சிரிக்காதீர்கள், மூலத்திலும் வேடம்தான். 'முகமூடி' வேண்டாம், முகவரியில் எந்தப் பகுதி வலையமைப்பைக் குறிக்கிறது என்று காட்டும் சப்நெட் மாஸ்க்குக்குத் தேவைப்படும். வீட்டுக்குள் இருக்கும் முகவரிக்கும் வெளியே தெரியும் முகவரிக்கும் நீங்கள் சொன்ன அகமுகவரி, புறமுகவரி இரண்டும் பிரமாதம், அப்படியே எடுத்துக்கொள்வோம்.

> ஐபிவி6 வந்தால் நேட்டே இருக்காது, எதற்கு இவ்வளவு மெனக்கெடல்?

ஐபிவி6 ஏராளமான முகவரிகளைத் தரும் புதிய முறைதான். ஆனால் பழைய ஐபிவி4இன் சுமார் 430 கோடி முகவரிகள் போதாது என்று 1994இல் ஆர்எஃப்சி 1631 என்ற இணையத் தொழில்நுட்ப ஆவணம் நேட்டை முன்வைத்தபோதே, தற்காலிக ஏற்பாடு என்றுதான் சொன்னார்கள். இன்னும் வீட்டுக்கு வீடு ஓடிக்கொண்டிருக்கிறது.

போர்ட் இப்போதைக்குப் போர்ட்டாகவே இருக்கட்டும். 'வாயில்' என்றால், ஒரு வலையமைப்பிலிருந்து வெளியே போகும் வழியான கேட்வேயோடு மோதும். மறுப்பு இருந்தால் மொழியாக்கக் கோப்பில் ஏற்றுமுன் எழுதுங்கள்.