ஷமோனி - செர்மாட் ஸ்கி டூர், நாலாவது நாள் புயல்னு காட்டுது, கிளம்பலாமா?

உச்சிக்காற்று:
வணக்கம் மக்களே. நாங்க ஆறு பேரு பிரான்ஸ்ல இருக்குற ஷமோனில இருந்து சுவிஸ்ல இருக்குற செர்மாட் வரைக்கும் ஹோட் ரூட்ங்கிற ஆல்ப்ஸ் மலைப் பாதைல ஸ்கில போறோம், ராத்திரி தங்குற மலை ஹட் எல்லாம் புக் பண்ணி காசும் கட்டியாச்சு, லீவும் போட்டாச்சு. நாலு பேருக்கு க்ளேசியர்ல (பனியாறு) நல்ல அனுபவம் இருக்கு, ரெண்டு பேரு ஸ்கி சூப்பரா பண்ணுவாங்க ஆனா இப்படி ஹட் ஹட்டா பல நாள் போனதில்ல. பிரச்சனை என்னன்னா நாலாவது நாள், டிஸ் ஹட்ல இருந்து பின் தரோலா மலை ஏறி விக்னெட் ஹட்டுக்கு இறங்குற அன்னிக்குத்தான் மத்தியானத்துக்கு மேல தெற்குல இருந்து புயல் வருதுன்னு போர்காஸ்ட் காட்டுது, உச்சில காத்து 80 கிலோமீட்டர் வேகம்னு போட்டிருக்கான். விடிகாலைல கிளம்பினா புயலுக்கு முன்னாடி விக்னெட் போய் சேர்ந்துடலாம்னு பாதி பேரு சொல்றாங்க, மீதி பேரு எதுவும் பேசல. நீங்களா இருந்தா என்ன பண்ணுவீங்க? அப்புறம் ஒருத்தருக்கு குளிர்ல விரல் சீக்கிரமே மரத்துப் போயிடுது, அதுக்கும் ஏதாவது சொல்லுங்க.

தூரநடை:
நண்பா, நான் போக மாட்டேன். காரணத்த சொல்றேன், கொஞ்சம் பெருசா போகும், பொறுமையா படிங்க.

2018 ஏப்ரல் கடைசில இதே இடத்துல தான் நடந்துச்சு. டிஸ் ஹட்ல இருந்து கிளம்புன ரெண்டு க்ரூப், மொத்தம் 14 பேரு, புயல்ல வழி தெரியாம ராத்திரி முழுக்க வெட்டவெளில மாட்டிகிட்டாங்க, அதுல 7 பேரு இறந்துட்டாங்க. விக்னெட் ஹட் அங்கிருந்து சில நூறு மீட்டர் தூரம் தான். ஒரு க்ரூப்ல கைடும் இருந்தாரு, புயல் வரும்னு போர்காஸ்ட்லயும் இருந்துச்சு. அவங்கள குறை சொல்ல இத எழுதல, அந்த இடம் எப்படிப்பட்டதுன்னு உங்களுக்கு புரியணும்னு தான். பின் தரோலா 3790 மீட்டர், மேல அகலமா வெள்ளையா ஒரே மாதிரி இருக்கும், மேகம் மூடி காத்தும் சேர்ந்துச்சுன்னா தரை எது வானம் எதுன்னே தெரியாது, ஆனா இறங்குற பக்கம் பனிப் பிளவும் இருக்கு பாறை விளிம்பும் இருக்கு. ஜிபிஎஸ்ல லைன் இருக்கே அத புடிச்சு போயிடலாம்னு நினைப்பீங்க, அந்த காத்துல க்ளவுஸ கழட்டி ஸ்க்ரீன தொட்டு பாருங்க, விரல் ரெண்டு நிமிஷம் கூட தாங்காது, போன் பேட்டரியும் குளிர்ல சட்டுனு செத்துடும்.

"விடிகாலைல கிளம்பினா" ங்கிறதுல இருக்குற சிக்கல், எல்லாமே சரியா நடந்தா மட்டும் தான் அந்த கணக்கு ஒத்து வரும். ஒருத்தருக்கு ஸ்கின் (ஏறும்போது வழுக்காம இருக்க ஸ்கிக்கு அடில ஒட்டுற பட்டை) ஒட்டாம போச்சுன்னா, ஒருத்தருக்கு கால் கொப்பளிச்சா, அரை மணி அரை மணியா போயிடும். புயலும் போர்காஸ்ட் பார்த்துட்டு வராது, ரெண்டு மூணு மணி நேரம் முன்னாடியே வந்துடலாம்.

உங்களுக்கு வேற வழி இருக்கு. டிஸ் ஹட்ல இருந்து பா த ஷெவ்ர்ங்கிற கணவாய்ல இருக்குற ஏணி வழியா அரோலா கிராமத்துக்கு இறங்கிடலாம், அதுவும் புயலுக்கு முன்னாடி காலைலயே. கீழ ரூம் எடுத்து தங்கி, வானம் தெளிஞ்சதும் விக்னெட்டுக்கு ஏறுறதா இல்ல அங்கயே முடிச்சுக்கிறதான்னு பார்க்கலாம். கட்டின ஹட் காச இந்த கணக்குல சேர்க்கவே சேர்க்காதீங்க.

இன்னொன்னு, புயல் முடிஞ்ச மறுநாள் வெயிலடிக்கும், எல்லாரும் துள்ளிக்கிட்டு கிளம்புவாங்க, அன்னிக்குத்தான் பனிச்சரிவுக்கு ரொம்ப பயப்படணும். காத்து அள்ளிட்டு வந்து மறுபக்க சரிவுல கொட்டின பனி இன்னும் ஒட்டியிருக்காது, 30 டிகிரிக்கு மேல இருக்குற சரிவுல ஒரு ஆள் வெயிட்டே போதும். சுவிஸ் பனிச்சரிவு புல்லட்டின் சாயங்காலம் 5 மணிக்கும் காலைல 8 மணிக்கும் வரும், ஹட்ல கேட்டு பாருங்க. ஆபத்து அளவு அஞ்சுல மூணுன்னு போட்டிருந்தா "நடுவுல தான இருக்கு"ன்னு எடுத்துக்காதீங்க, நிறைய சாவு அந்த மூணுல தான் நடக்குது.

வெள்ளைச்சரிவு:
மேல சொன்னதுக்கு நானும் ஓட்டு. விரல் மேட்டருக்கு மட்டும் சொல்றேன். மைனஸ் 10ல 50 கிலோமீட்டர் காத்து அடிச்சா தோலுக்கு அது மைனஸ் 22 மாதிரி, அதனால காத்த தடுக்குறது தான் முதல் வேலை. ஏறும்போது மெல்லிசு க்ளவுஸ், நின்னா உடனே தடிமன் மிட்டன் (விரல் எல்லாம் ஒண்ணா இருக்குற க்ளவுஸ்), ஸ்பேர் ஜோடி ஒண்ணு ஜாக்கெட்டுக்குள்ள சூடா இருக்கணும். வேர்க்குறதுக்கு முன்னாடியே ஒரு லேயர கழட்டிடுங்க, நனைஞ்ச உடம்பு நின்னதும் உறையும். விரல் வெள்ளையா மரத்துப் போச்சுன்னா பனிய வச்சு தேய்க்கவே கூடாது, அக்குள்ல வச்சு சூடேத்தணும், நல்லா உறைஞ்சு போயிருந்து திரும்பவும் உறையுற மாதிரி நிலைமைன்னா சூடேத்தாம கீழ கொண்டு போறது தான் சரி. அந்த ஆள் "பரவால்ல"ன்னு தான் சொல்லுவாரு, நீங்களே மணிக்கொரு தடவ கைய காட்டச் சொல்லி பாருங்க.

ஸ்கின்ன கழட்டினதும் ஜாக்கெட்டுக்குள்ள வச்சுக்கோங்க, பசை உறைஞ்சா அடுத்த ஏத்தத்துல ஒட்டாது. பீக்கன்ல (பனில புதைஞ்சா கண்டுபிடிக்க உடம்புல கட்டிக்கிற சிக்னல் கருவி) இருந்து போன் 20 சென்டிமீட்டராவது தள்ளி இருக்கட்டும், புதைஞ்சவங்கள தேடும்போது 50. ஆறு பேரும் தினமும் காலைல பீக்கன் செக் பண்ணிட்டு கிளம்புங்க, ஷவலும் ப்ரோபும் (பனிக்குள்ள குத்தி தேடுற நீளக் கம்பி) எல்லார்கிட்டயும் இருக்கணும், புதைஞ்சவங்கள முதல் 10, 15 நிமிஷத்துக்குள்ள எடுக்கலன்னா வாய்ப்பு ரொம்ப கம்மி.

பனிமுகடு:
"மீதி பேரு எதுவும் பேசல"ன்னு எழுதியிருக்கீங்களே, எனக்கு அது தான் கண்ணுல பட்டுச்சு. அந்த புதுசா வர்ற ரெண்டு பேரும் அதுல இருக்காங்களா? க்ரூப்ல நல்லா ஓடுறவங்க முன்னாடி "எனக்கு பயமா இருக்கு"ன்னு சொல்றது ரொம்ப கஷ்டம். கிளம்புறதுக்கு முன்னாடியே எல்லாரும் உக்காந்து ஒரு ரூல் போடுங்க, ஒருத்தர் வேணாம்னா ஆறு பேருமே திரும்புறோம், ஏன்னு யாரும் கேக்க கூடாது. திரும்புற நேரத்தையும் கீழயே முடிவு பண்ணிடுங்க, காத்துல நின்னு ஓட்டு எடுத்தா யாரும் திரும்ப மாட்டாங்க.

உச்சிக்காற்று:
ரொம்ப நன்றி எல்லாருக்கும். பேசாம இருந்தவங்க கிட்ட தனித்தனியா கேட்டேன், மூணு பேருக்குமே அந்த நாள் போக இஷ்டமில்ல. அரோலாவுக்கு இறங்குறதா மாத்திட்டோம், விக்னெட் ஹட்டுக்கு போன் பண்ணி வரலன்னு சொல்லிடுறேன். அந்த ஏணிய ஸ்கிய முதுகுல கட்டிக்கிட்டு இறங்கலாமா, கயிறு வேணுமா?

தூரநடை:
நல்ல முடிவு. ஹட்டுக்கு கண்டிப்பா சொல்லிடுங்க, இல்லன்னா நீங்க வந்து சேரலன்னு தேட ஆரம்பிப்பாங்க. ஸ்கிய பையில இறுக்கி கட்டிட்டு ஹார்னெஸ் (கயிறு மாட்டுற இடுப்பு பெல்ட்) போட்டு இறங்குங்க, பழக்கமில்லாத ரெண்டு பேருக்கும் மேல இருந்து கயிறு குடுங்க. ஏணிக்கு போற வரைக்கும் க்ளேசியர் தான், அங்கயும் கவனம். சுவிஸ் பக்கம் வாலே பகுதில மீட்புக்கு 144, பிரான்ஸ் பக்கம் 112, ரெண்டையும் எல்லார் போன்லயும் போட்டு வைங்க, ஆனா மேல நிறைய இடத்துல சிக்னல் இருக்காது, அதனால சிக்னல் இல்லாமயே மெசேஜ் அனுப்புற ஒரு சாட்டிலைட் மெசேஞ்சர் வாடகைக்காவது எடுத்துக்கோங்க.