இணைகோள் வேண்டாம், பிணைகோள் எனலாமா?

ஐயா, வணக்கம்.

நெப்டியூனுக்கு அப்பால் தன் நிலவோடு சேர்ந்து சுற்றும் சிறு பனிக்கோளை 'இணைகோள்' என்று நீங்கள் எழுதியதைப் பார்த்தேன். பாலக்கோட்டில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அதைக் கரும்பலகையில் எழுதிக் காட்டினேன். கடைசி பெஞ்சிலிருந்து ஒருத்தி 'இணைகோடு' என்று வாய்விட்டுப் படித்தாள். பிழை அவளுடையதல்ல. கணக்கில் இணை என்றால் என்றைக்கும் சந்திக்காதது என்றுதானே நாமே சொல்லிக்கொடுத்திருக்கிறோம்! 'இரட்டைக்கோள்' என்றாலோ இரண்டும் ஒரே அளவு என்று நினைத்துவிடுகிறார்கள்.

அப்படியொரு பனிக்கோளான ஆர்க்கஸையே எடுத்துக்கொள்வோம். 2004இல் கண்டுபிடித்தது. குறுக்களவு ஏறத்தாழ 900 கி.மீ. அதன் நிலவான வாந்த் சுமார் 440 கி.மீ. இடைவெளி 9,000 கி.மீ. அளவில், ஒன்பதரை நாளுக்கு ஒரு சுற்று. வாந்த் ஆர்க்கஸைச் சுற்றுகிறது என்று சொல்வதே அரைகுறை. இரண்டும் ஒரு பொது மையத்தைச் சுற்றுகின்றன. அந்த மையம் ஆர்க்கஸுக்குள் இல்லை, வெளியே வெறுவெளியில் இருக்கிறது. பூமிக்கும் நிலாவுக்குமான மையம் நம் காலடியில் சுமார் 1,700 கி.மீ. ஆழத்தில் கிடக்கிறது. அதனால் நிலாவைத் துணைக்கோள் எனலாம். வாந்தை அப்படிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

போன வாரம் பள்ளி மைதானத்தில் ஓர் அக்காளும் தங்கையும் கை பிணைத்துத் தட்டாமாலை சுற்றினார்கள். அக்காள் கால் புழுதியில் சின்ன வட்டம் போட்டது, தங்கையுடையது பெரிய வட்டம். ஓய்ந்ததும் போய்ப் பார்த்தேன். நடுவில், அக்காள் பக்கமாக, யார் காலும் படாத கையகல மண். பிள்ளைகளைக் கூப்பிட்டுக் காட்டினேன். அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை.

ஆகவே 'பிணைகோள்'. அந்த மையத்துக்குப் 'பிணைமையம்'.

பிணை என்றால் ஜாமீன் ஆயிற்றே என்பீர்கள். கேழ்வரகுக் களத்தில் மாடுகளைப் பிணையல் கட்டி ஓட்டியவர்களுக்கு அந்தச் சொல்லின் வேர் தெரியும். பிணையல் மாடுகள் மையத்துக்கு ஒரே பக்கமாக நடப்பவை, இந்தக் கோள்களோ எதிரெதிர்ப் பக்கம். எனவே உவமையாக அது பொருந்தாது. கட்டுண்டு சுற்றுவது என்ற பொருளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

புளூட்டோவும் அதன் நிலவான சாரனும் இதே கணக்கில் வரும். மையம் பெரியதற்குள் இருந்தால் துணைக்கோள், வெளியே இருந்தால் பிணைகோள். கலைச்சொல் பட்டியலில் ஏற்றுவதானால் இந்த வரையறையையும் கூடவே ஏற்றுங்கள் ஐயா.