புதுப்பிப்பு: மெய்நிகர் கணினியில் ஏற்பட்ட கெர்னல் பேனிக்கின் காரணம் தெரிந்துவிட்டது

இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலைப் புதுப்பித்த பிறகு, என் லினக்ஸ் மெய்நிகர் கணினி (ஒரு கணினிக்குள் மென்பொருளாக இயங்கும் இன்னொரு கணினி) துவக்கத்திலேயே கெர்னல் பேனிக்கில், அதாவது கெர்னலால் மீள முடியாத பிழையில், நின்றுவிடுகிறது என்றும், ஒதுக்கிய நினைவகம் போதாததே காரணமாக இருக்கலாம் என்றும் முன்பு எழுதியிருந்தேன். அந்த ஊகம் தவறு.

திரையில் கடைசி வரிகள் மட்டுமே தெரிந்ததால், மெய்நிகர் கணினிக்கு ஒரு சீரியல் போர்ட்டை (எழுத்துச் செய்திகளை வெளியே அனுப்ப உதவும் இணைப்பு) சேர்த்து, கெர்னல் செய்திகள் அனைத்தும் அதன் வழியே ஹோஸ்ட் கணினியின் (மெய்நிகர் கணினியை இயக்கும் உண்மையான கணினி) கோப்பொன்றில் பதிவாகுமாறு அமைத்தேன். உண்மையில் இதை முதல் நாளே செய்திருக்க வேண்டும். ரூட் கோப்பு முறைமையை (இயங்குதளக் கோப்புகள் இருக்கும் முதன்மைப் பகுதி) ஏற்ற முடியவில்லை என்ற பிழையில் சாதன எண் 0,0 என்று இருந்தது. அதாவது, ரூட் வட்டு எது என்பதையே கெர்னலால் கண்டறிய முடியவில்லை. என் கணினியில் விர்ட்டியோ எனப்படும் மெய்நிகர் வட்டுக்கான டிரைவர் (வட்டை இயக்கும் மென்பொருள்) கெர்னலுக்குள் இல்லை. துவக்கத்துக்குத் தேவையான டிரைவர்களைக் கொண்ட இனிட்ராம்எஃப்எஸ் கோப்பிலிருந்துதான் அது ஏற்றப்பட வேண்டும். பழைய கெர்னல்களால் பூட் பார்ட்டிஷன் (துவக்கக் கோப்புகளுக்கான வட்டுப் பகுதி) நிரம்பியிருந்ததால், புதிய கெர்னலுக்கு அந்தக் கோப்பே உருவாகவில்லை. புதுப்பித்தலின்போது வந்த பிழைச் செய்தியை நான் கவனிக்கத் தவறியிருக்கிறேன்.

மெய்நிகர் கணினியின் அப்போதைய நிலையைச் சேமிக்கும் ஸ்னாப்ஷாட் ஒன்றை எடுத்துக்கொண்டு, கெர்னலைத் துவக்கும் மென்பொருளான கிரப்பின் பட்டியலிலிருந்து பழைய கெர்னலில் துவக்கி, தேவையற்ற கெர்னல்களை நீக்கிய பின், இனிட்ராம்எஃப்எஸ் கோப்பையும் கிரப் அமைப்பையும் மீண்டும் உருவாக்கினேன். இப்போது புதிய கெர்னல் சீராகத் துவங்குகிறது. நினைவக ஒதுக்கீட்டைப் பழைய அளவுக்கே குறைத்தும் சோதித்துவிட்டேன், பேனிக் திரும்பவில்லை. பொறுமையாக வழிகாட்டிய அனைவருக்கும் மனமார்ந்த நன்றி.