1966 மஸ்டாங்: ரியர் ஆக்சில் மாற்ற உதவி தேவை

நண்பர்களே, என் 1966 ஃபோர்டு மஸ்டாங்கில் பழைய 8 இன்ச் ஆக்சிலை (பின் சக்கர அச்சு; இன்ச் என்பது உள்ளே இருக்கும் ரிங் கியரின் விட்டம்) எடுத்துவிட்டு 9 இன்ச் போடப் போகிறேன். அச்சைத் தாங்கும் லீஃப் ஸ்பிரிங்கும் (பட்டை ஸ்பிரிங்) புதுசு. பழைய பட்டைகள் தொய்ந்து, உரசிய இடத்தில் துரு செதில் செதிலாக உதிர்கிறது. திரும்பப் போட மனசு வரவில்லை. ஸ்பிரிங்கை மாட்டத் தேவையான யூ-போல்ட், ஷாக்கிள் புஷ் எல்லாம் வாங்கியாச்சு.

குழப்பம் ஸ்பிரிங் பேடில்தான் (ஸ்பிரிங் மேல் ஆக்சில் உட்காரும் தகடு). ஆக்சிலில் அது வெல்டு செய்யாமல் வந்திருக்கிறது. வண்டி எடை முழுக்கச் சக்கரத்தில் இறங்கிய பிறகு, பினியன் கோணம் (டிரைவ் ஷாஃப்ட் வந்து சேரும் பினியனின் சாய்வு) பார்த்து டேக் வெல்டு (தற்காலிகப் புள்ளி வெல்டு) வைத்து, அப்புறம் கழற்றி முழுசாக வெல்டு அடிக்கலாம் என்றிருக்கிறேன். அந்தச் சூட்டில் ஆக்சில் குழாய் வளையாமல் இருக்க நீங்கள் என்ன செய்தீர்கள்?

இன்னொன்று, ஸ்பிரிங்கின் முன்பக்க போல்ட் புஷ்ஷுக்குள் துருவேறி இறுகிக் கிடக்கிறது. தட்டினால் அசையவே இல்லை. வெட்டித்தான் எடுக்கணுமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள், படம் இருந்தால் இன்னும் நல்லது.